கோளைப் பார்க்க விண்மீனை மறைக்கும் கருவிகள்

சூரியனைத் தவிர மற்ற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். இதுவரை 6,000-க்கும் மேற்பட்ட புறக்கோள்கள் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் பார்த்ததில்லை. விண்மீனுக்குக் குறுக்கே கோள் கடக்கும்போது ஒளி ஒரு துளி மங்குவதை அளப்பார்கள். அல்லது கோளின் ஈர்ப்பால் விண்மீன் லேசாக முன்னும் பின்னும் ஆடுவதை அதன் நிறமாலையில் கண்டுபிடிப்பார்கள். 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி பி என்ற கோளைக் கண்டறிந்தது இந்த இரண்டாவது வழியில்தான். 2019-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். அந்தக் கோளைத் தனி ஒளிப்புள்ளியாக இன்றுவரை யாராலும் படம் பிடிக்க முடியவில்லை.

கோளிலிருந்து கிளம்பிய ஒளியே நேராக வந்து கருவியில் விழ, விண்மீனுக்குப் பக்கத்தில் தனிப் புள்ளியாகத் தெரிந்த கோள்கள் நூறுக்குள்தான் இருக்கும். அந்தச் சில புள்ளிகளைப் பிடிக்க எப்படிப்பட்ட ஒளியியல் கருவிகள் தேவைப்பட்டன என்பதே இந்தக் கட்டுரை. ஒளியைச் சேகரிப்பதற்காகத்தான் தொலைநோக்கி கட்டுகிறோம் என்று படித்திருப்போம். இங்கே வேலை தலைகீழ். சேகரித்த ஒளியில் ஏறக்குறைய முழுவதையும், அதுவும் துல்லியமாகத் தேர்ந்தெடுத்து, அழிக்க வேண்டும்.

தொலைவு அல்ல, பிரகாசமே தடை

புறக்கோள்கள் கண்ணில் படாததற்கு அவை மிகத் தொலைவில் மிக மங்கலாக இருப்பதே காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. நம் வியாழன் 33 ஒளியாண்டுக்கு அப்பால், இன்று சூரியனிடமிருந்து பெறும் அதே வெளிச்சத்தோடு, பக்கத்தில் எதுவும் இல்லாமல் தனியே நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஹபிள் தொலைநோக்கிக்கு அது சிரமமே இல்லாத இலக்கு. அதைவிட மங்கலான விண்மீன் திரள்கள் ஏராளமானவற்றை ஹபிள் படமெடுத்திருக்கிறது. ஆனால் வியாழன் தனியே இல்லை. பக்கத்தில் சூரியன் இருக்கிறது.

கண்ணுறு ஒளியில் சூரியன் வியாழனைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பிரகாசமானது. பூமியைவிடவோ ஆயிரம் கோடி மடங்கு. அதாவது பூமியிலிருந்து ஓர் ஒளித்துகள் வந்து சேரும் நேரத்தில் சூரியனிலிருந்து ஆயிரம் கோடி ஒளித்துகள்கள் அதே கருவிக்குள் கொட்டுகின்றன.

இடைவெளியும் மிகச் சிறியது. வானத்தில் தூரத்தைக் கோணத்தால் அளப்பார்கள். ஒரு பாகையை 3,600 பங்காக வெட்டினால் ஒரு பங்குக்கு ஒரு வில்விநாடி என்று பெயர். முழுநிலவின் குறுக்களவு ஏறத்தாழ 1,800 வில்விநாடி. அந்த 33 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள இடைவெளி 0.1 வில்விநாடிதான். நிலவின் அகலத்தை 18,000 துண்டுகளாக்கினால் வரும் ஒரு துண்டு அது.

வெயிலில் உயரப் பறக்கும் பறவையைப் பார்க்க உள்ளங்கையைத் தூக்கிச் சூரியனை மறைத்துக்கொள்கிறோமே, அதைப்போலத் தொலைநோக்கிக்குள்ளும் விண்மீன் விழும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டை வைத்துவிட்டால் போதாதா? யோசனை சரியானதுதான். இந்தத் துறை முழுவதும் அந்த யோசனையின் நீட்சியே. ஆனால் பொட்டை வைப்பதோடு வேலை முடிவதில்லை. ஒளியின் அலைத்தன்மை குறுக்கே வருகிறது.

ஓர் ஆடியின் மேல் விழும் ஒளியலை, ஆடியின் விளிம்பில் வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலை நேராக மட்டும் போகாமல் சற்றே பரவுகிறது. இதை விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்திருப்போம். இதனால் எவ்வளவு குறையற்ற தொலைநோக்கியிலும் விண்மீன் ஒரு புள்ளியாக விழுவதில்லை. நடுவில் ஒரு சிறு வட்டு, அதைச் சுற்றி வளையம், அதற்கு வெளியே இன்னொரு வளையம் என்று மங்கிக்கொண்டே போகும். ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835-இலேயே இந்த வளையங்களைக் கணக்கிட்டுச் சொன்னார். வெளிவளையங்கள் மங்கலானவைதான், ஆனாலும் கோளோடு ஒப்பிட்டால் அவையும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். கோள் பெரும்பாலும் அந்த வளையங்களுக்கு நடுவேதான் உட்கார்ந்திருக்கிறது.

நடுவட்டு எவ்வளவு அகலம் என்பது இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: ஒளியின் அலைநீளம், ஆடியின் விட்டம். அலைநீளம் கூடினால் வட்டு விரியும். ஆடி பெரிதானால் சுருங்கும். 8 மீட்டர் ஆடி, 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகச்சிவப்பு ஒளி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 0.04 வில்விநாடி வரும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியால் எந்தக் கோளைப் பார்க்க முடியும் என்பதைப் பெரிதும் இதுவே தீர்மானிக்கிறது.

சூரியனுக்காகச் செய்த கருவி

பெர்னார் லியோ என்ற பிரெஞ்சு வானியலாளருக்குப் புறக்கோள்களைப் பற்றிய சிந்தனையே இல்லை. சூரியனைச் சுற்றியிருக்கும் கொரோனா என்ற மெல்லிய ஒளிப்படலத்தை முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டுமே பார்க்க முடிகிறதே என்பதுதான் அவருடைய கவலை. கிரகணத்துக்குக் காத்திருக்காமல் கருவிக்குள்ளேயே கிரகணத்தை உண்டாக்க அவர் ஒரு வழி கண்டார். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் பிக் டு மிடி மலையுச்சி ஆய்வகத்தில் அதைச் செயல்படுத்திக் காட்டினார். அந்தக் கருவியின் பெயர் கொரோனாகிராஃப். நாம் பேசும் கோள்களில் பல அதன் வழித்தோன்றல்கள் வழியாகத்தான் படமாகியிருக்கின்றன.

லியோவின் கருவியில் இரண்டு தடுப்புகள் உண்டு. முதல் தடுப்பு எல்லோருக்கும் தோன்றக்கூடியது: விண்மீனின் பிம்பம் குவியும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. நடுவட்டின் ஒளி அதில் விழுந்து நின்றுவிடும். வளையங்களின் ஒளி மட்டும் பொட்டைத் தாண்டி உள்ளே போகும். இரண்டாவது தடுப்பில்தான் லியோவின் கூர்மை தெரிகிறது. பொட்டைத் தாண்டிய ஒளியை இன்னொரு வில்லையால் திரும்ப ஒழுங்குபடுத்தி, தொலைநோக்கியின் முகப்பே ஒரு சிறு பிம்பமாக விழும்படி செய்தார். அந்தப் பிம்பத்தில், எஞ்சிய விண்மீன் ஒளி சீராகப் பரவியிருக்காது; ஓரங்களில் ஒதுங்கி நிற்கும். ஏனென்றால் வளையங்களை உண்டாக்கியதே அந்த ஓரங்கள்தான். எனவே ஓரத்தை மட்டும் வெட்டும் ஒரு துளைத்தட்டை அங்கே வைத்தால், தப்பி வந்த விண்மீன் ஒளியின் பெரும்பகுதி அங்கே சிக்கிக்கொள்ளும்.

கோளின் ஒளி என்னவாகும்? அது சற்றே சாய்வான கோணத்தில் வருகிறது. அதனால் முதல் பொட்டில் படாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். இரண்டாவது இடத்தில் ஓரத்தில் ஒதுங்காமல் முகப்பு முழுவதும் சீராகப் பரவி நிற்கும். துளைத்தட்டு அதில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். ஒரே கருவிக்குள், ஒரே பாதையில் வரும் இரண்டு ஒளிகளில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை விடுகிறது இது. மின்னணுவும் கணினியும் இல்லாத காலத்தில் வெறும் தட்டுகளாலும் வில்லைகளாலும் இதைச் சாதித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1984-இல் பிராட்ஃபோர்ட் ஸ்மித்தும் ரிச்சர்ட் டெரிலும் சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் ஆய்வகத்தில் ஒரு கொரோனாகிராஃபைப் பொருத்தி பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனை மறைத்துப் பார்த்தார்கள். இருபுறமும் நீண்டு கிடந்தது ஒரு தூசித்தட்டு. இன்னொரு விண்மீனைச் சுற்றிக் கோள்களுக்கான மூலப்பொருள் கிடப்பதைக் காட்டிய முதல் படம் அதுவே. அதே விண்மீனின் கோளையும் பிற்காலத்தில் பார்த்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்றைய கொரோனாகிராஃப்களில் பல, கறுப்புப் பொட்டையே வைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கண்ணாடித் தகடு. அதை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, எதிரெதிராக உள்ள இரண்டில் மட்டும் ஒளியலை அரை அலை பின்தங்கும்படி தடிமனை அமைத்திருப்பார்கள். தகட்டின் சரியான நடுவில் விழும் விண்மீன் ஒளியில் பாதி அலை மேலேறும்போது மறுபாதி கீழிறங்கும். இரண்டும் சேர்ந்து தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். நடுவில் விழாத கோளின் ஒளிக்கு அந்த அழிவு நேராது. பொட்டு ஓர் அகலத்தை அடைத்துக்கொள்வதால் விண்மீனுக்கு மிக நெருங்கிய கோள்களும் சேர்ந்து மறைந்துவிடும். இந்த வகைத் தகட்டில் இன்னும் நெருங்கிப் பார்க்க முடிகிறது.

காற்று கலைப்பதைக் கண்ணாடி சரிசெய்கிறது

இதுவரை சொன்னதெல்லாம் காற்று இல்லாத இடத்தில் சரி. தரையில் நிற்கும் தொலைநோக்கிக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் காற்று இருக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும்போது ஒளியலையின் சீரான முகப்பு கசங்கிப்போகிறது. விண்மீன்கள் மின்னுவதற்கும் இதுவே காரணம். இந்தக் கசங்கலால் 8 மீட்டர் தொலைநோக்கியிலும் விண்மீன் அரை வில்விநாடிக்கு மேல் பரந்து கொழகொழவென்று தெரியும். கொரோனாகிராஃபின் நடுவில் கச்சிதமாக விழவேண்டிய ஒளி இப்படிப் பரந்துவிட்டால், எதை மறைப்பது?

கசங்கிய அலைமுகப்பை அளந்து, அதற்கு நேரெதிரான வடிவத்தில் ஓர் ஆடியை வளைத்தால் அலை மறுபடி நேராகிவிடும் என்று 1953-இல் வானியலாளர் ஹோரஸ் பாப்காக் எழுதினார். அப்போது அதைச் செய்யும் கருவிகள் இல்லை. இப்போது இருக்கின்றன. தகவமைப்பு ஒளியியல் என்பது இதன் பெயர். சிலியில் உள்ள மிகப் பெரிய தொலைநோக்கி எனப்படும் வி.எல்.டி.-யில் 2014 முதல் இயங்கும் ஸ்ஃபியர் என்ற கருவியில், மெல்லிய ஆடி ஒன்றின் பின்புறத்தில் 1,377 நுண்ணிய தள்ளுகோல்கள் இருக்கின்றன. அவை விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அந்த ஆடியின் வடிவத்தை மாற்றுகின்றன. ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் வைக்கப்பட்ட ஜெமினி கோள் படமெடுப்பி என்ற கருவியில் 4,096 தள்ளுமுனைகள் கொண்ட ஒரு சில்லு ஆடி இதே வேலையைச் செய்தது. காற்று மாறும் வேகத்தைவிட வேகமாக ஆடி மாறினால்தான் பயன் உண்டு. சற்று தாமதித்தாலும், ஏற்கெனவே கலைந்துபோன வேறொரு கசங்கலைச் சரிசெய்துகொண்டிருப்போம்.

போலிப் புள்ளிகள்

தொடக்கநிலை வாசகர்களுக்கு யாரும் போதிய அளவு சொல்லாத பகுதி இது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

காற்றைச் சரிசெய்து, விண்மீனை மறைத்த பிறகும் படம் இருட்டாக இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான ஒளிப்பொட்டுகள் சிதறிக் கிடக்கும். ஆடிகளின் மேற்பரப்பில் உள்ள நானோமீட்டர் அளவு மேடுபள்ளங்கள் விண்மீன் ஒளியில் ஒரு துளியைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன; அந்தத் துளிகளே இந்தப் பொட்டுகள். இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு பொட்டும் அச்சு அசலாகக் கோளைப் போலவே இருக்கும். அதே அளவு, அதே வடிவம், பல வேளைகளில் கோளைவிடவும் அதிகப் பிரகாசம். கூடுதல் நேரம் படமெடுத்தாலும் இவை மறைவதில்லை, இன்னும் தெளிவாகின்றன.

எது பொட்டு, எது கோள்? இதற்குக் கிடைத்த விடை பூமியின் சுழற்சியிலிருந்து வந்தது. பெரிய தொலைநோக்கிகள் வானத்தைத் தொடரும்போது, கருவியின் பார்வையில் வானப்பரப்பு மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். வழக்கமாக அந்தச் சுழற்சியைத் தனிப் பொறிமுறை வைத்து ஈடுசெய்துவிடுவார்கள். கோள் தேடுபவர்கள் வேண்டுமென்றே அதை நிறுத்திவிடுகிறார்கள். பொட்டுகள் கருவியின் குறையால் வருபவை. எனவே அவை கருவியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். கோள் வானத்தைச் சேர்ந்தது. எனவே அது விண்மீனைச் சுற்றி மெதுவாக நகரும். மணிக்கணக்கில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் அசையாமல் நிற்பதைக் கழித்துவிட்டு, மீதியைச் சுழற்சிக்கு ஏற்பத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கோள் மட்டும் ஒரே இடத்தில் சேர்ந்து பளிச்சிடும்.

இந்த முறையைக் கிறிஸ்டியன் மாருவாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006-இல் விவரித்து எழுதினார்கள். இரண்டே ஆண்டில், 2008 நவம்பரில், அதே மாருவா தலைமையிலான குழு கெக், ஜெமினி தொலைநோக்கிகளைக் கொண்டு எச்.ஆர். 8799 என்ற விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களை ஒரே படத்தில் காட்டியது. நான்காவது கோள் 2010-இல் தெரிந்தது. ஒரு முழுக் கோள் குடும்பத்தை, அது தன் விண்மீனைச் சுற்றி நகர்வதை, ஆண்டுக்கு ஆண்டு எடுத்த படங்களில் இன்று யாரும் பார்க்கலாம். ஆடி அதேதான், வானம் அதேதான். படங்களைக் கழித்த விதம் மாறியது. இந்தத் துறையின் மிகப் பெரிய பாய்ச்சல் என்று நான் கருதுவது இதைத்தான்.

தெரிந்தவை எல்லாம் ஏன் இளங்கோள்கள்?

நேரடியாகப் படமான கோள்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். பெரும்பாலும் வியாழனைவிடப் பல மடங்கு கனமானவை. விண்மீனிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பவை. வயதில் மிக இளையவை. இவற்றை வைத்துக்கொண்டு கோள்கள் பொதுவாக இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. நம் கருவிகளுக்கு எட்டியவை இவைதான், அவ்வளவே.

கோள் உருவாகும்போது பொருள்கள் வந்து மோதி விழுந்த வெப்பம் அதில் தங்கியிருக்கும். எச்.ஆர். 8799-இன் வயது சில கோடி ஆண்டுகள்தான். அதன் கோள்கள் இன்னும் ஏறக்குறைய 1,000 கெல்வின் வெப்பத்தில் தகிக்கின்றன. அவை விண்மீனின் ஒளியை எதிரொளித்து அல்ல, தம் சொந்த வெப்பத்தால் அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. அகச்சிவப்பில் பார்த்தால் விண்மீனுக்கும் கோளுக்கும் உள்ள வேறுபாடு நூறு கோடி மடங்கிலிருந்து பத்தாயிரம், பத்து லட்சம் மடங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. முதன்முதலில் 2004-இல் வி.எல்.டி.-யில் படமான 2எம்1207 பி விஷயத்தில் நிலைமை இன்னும் எளிது. அது சுற்றுவது ஒரு முழு விண்மீனைக்கூட அல்ல. விண்மீனாக வளரமுடியாமல் போன மங்கலான பழுப்புக் குறுமீன் ஒன்றை. அங்கே வேறுபாடு நூறு மடங்குச் சுமாரில்தான் இருந்தது.

பீட்டா பிக்டோரிஸ், நம்மிடமிருந்து 63 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஆன்மரி லாக்ரான்ஜ் குழுவினர் 2003-இல் எடுத்த படங்களில் அந்தத் தூசித்தட்டுக்குள் ஒரு புள்ளியைக் கண்டு 2008-இல் அறிவித்தார்கள். பிறகு அது விண்மீனின் மறுபக்கத்தில் தென்பட, கோள்தான் என்று 2010-இல் உறுதியானது. பி.டி.எஸ். 70 என்ற மிக இளைய விண்மீனைச் சுற்றியுள்ள தூசித்தட்டின் இடைவெளிக்குள், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கோள் ஒன்றை ஸ்ஃபியர் கருவி 2018-இல் காட்டியது.

ஃபோமல்ஹாட் கதையையும் சொல்லியாக வேண்டும். 2008-இல் ஹபிள் படங்களில் அந்த விண்மீனுக்கு அருகே நகரும் ஒரு புள்ளி தெரிந்து, கோள் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அகச்சிவப்பில் தேடியபோது அது அகப்படவில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல மங்கிப் பரந்து, பிறகு மறைந்தே போனது. இரண்டு பனிப்பாறைப் பொருள்கள் மோதிச் சிதறிய தூசிமேகமாக அது இருக்கவேண்டும் என்று 2020-இல் வெளியான ஆய்வு விளக்கியது. ஒரே அலைநீளத்தில், ஒரே பருவத்தில் கிடைத்த புள்ளியை ஏன் யாரும் உடனே நம்புவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். பின்னணியில் வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு விண்மீன்கூடக் கோளாக வேடம் போட முடியும். அதனால் ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளி விட்டு மறுபடி பார்த்து, அந்தப் புள்ளி விண்மீனோடு சேர்ந்தே வானில் நகர்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

செய்திகளில் இத்தகைய படங்களைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நடுவில் கறுப்பு வட்டமோ வரைந்த விண்மீன் குறியோ இருக்கும். அது மறைக்கப்பட்ட இடம். நிறங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அல்ல. அகச்சிவப்பு அளவீட்டுக்கு ஆய்வாளர்கள் கொடுத்தவை. புள்ளியின் பருமன் கோளின் பருமன் அல்ல. முன்னே சொன்ன விளிம்பு விளைவு வரைந்த வட்டு அது.

பல தொலைநோக்கிகள் ஒன்றாக

தனித்தனித் தொலைநோக்கிகளின் ஒளியை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால், அவற்றுக்கிடையே உள்ள தூரம் அளவுக்குப் பெரிய ஒரே தொலைநோக்கியின் கூர்மை கிடைக்கும். வி.எல்.டி.-யின் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளை இப்படி இணைக்கும் கிராவிட்டி என்ற கருவி, எச்.ஆர். 8799-இன் உட்கோளிலிருந்து வந்த ஒளியைத் தனியே பிரித்தெடுத்ததாக 2019-இல் செய்தி வந்தது. ஒளியைச் சேர்ப்பதற்குப் பதிலாக ஒரு தொலைநோக்கியின் அலையை அரை அலை தாமதப்படுத்தி, நடுவில் உள்ள விண்மீனை மட்டும் அழிக்கலாம் என்று ரொனால்ட் பிரேஸ்வெல் 1978-இல் முன்மொழிந்தார். விண்வெளியில் பல விண்கலங்களை ஒழுங்காகப் பறக்கவிட்டு இதைச் செய்யும் திட்டங்கள் தாளில் இருக்கின்றன; எதுவும் ஏவப்படவில்லை.

விண்வெளியும் ஒரு பேரமும்

காற்றுக்கு மேலே போய்விட்டால் கசங்கல் தொல்லை இல்லை. 6.5 மீட்டர் ஆடி கொண்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நடு அகச்சிவப்பிலும் பார்க்கும். அங்கே குளிர்ந்த கோள்களின் வெப்பமும் தெரியும். 2024-இல் அது 12 ஒளியாண்டு தூரத்தில் உள்ள எப்சிலான் இண்டி ஏ விண்மீனின் கோளைப் படமெடுத்தது. கோளின் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். இளமை வெப்பத்தில் தகிக்காத, வயதான, குளிர்ந்த பெருங்கோள் ஒன்று நேரடியாகத் தெரிந்தது பெரிய முன்னேற்றம். 2025-இல் டி.டபிள்யூ.ஏ. 7 என்ற இளம் விண்மீனின் தூசித்தட்டில், சனியின் நிறையை ஒத்த ஒரு கோளின் படத்தை வெப் தந்தது. அதுவரை நேரடியாகத் தெரிந்த எதைவிடவும் எடை குறைந்த கோள் அது.

அப்படியானால் நடு அகச்சிவப்பில் பூமியைப் போன்ற கோளையும் தேடலாமே? அங்கே சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு ஒரு கோடி மடங்காகக் குறைகிறது. கண்ணுறு ஒளியைவிட ஆயிரம் மடங்கு எளிது. ஆனால் இங்கேதான் அந்த நடுவட்டுக் கணக்கு குறுக்கே வருகிறது. 10 மைக்ரான் ஒளியில் வெப்பின் நடுவட்டு ஏறத்தாழ 0.3 வில்விநாடி. 33 ஒளியாண்டில் உள்ள பூமி 0.1 வில்விநாடியில் இருக்கிறது. விண்மீனின் வட்டுக்குள்ளேயே அமிழ்ந்துபோகும். வேறுபாட்டைக் குறைக்க அலைநீளத்தைக் கூட்டினால் கூர்மை போகிறது. கூர்மைக்காக அலைநீளத்தைக் குறைத்தால் ஆயிரம் கோடி மடங்கு வேறுபாடு எதிரே நிற்கிறது. தப்பமுடியாத பேரம் இது.

கண்ணுறு ஒளியின் பக்கம் நின்று பேரம் பேசப்போகும் முதல் கருவி, நாசாவின் நான்சி கிரேஸ் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியில் உள்ள கொரோனாகிராஃப். தலா 48-க்கு 48 தள்ளுகோல்கள் கொண்ட இரண்டு வளையும் ஆடிகள் அதில் உள்ளன. விண்வெளியில் காற்று இல்லையே, வளையும் ஆடி எதற்கு? பொட்டுகளை அழிக்கத்தான். ஒவ்வொரு பொட்டும் ஓர் ஒளியலை. அதற்கு எதிர் அலையை ஆடியால் உண்டாக்கினால் பொட்டு அணைந்துவிடும். இப்படிப் படத்தின் ஒரு பகுதியில் மட்டும் இருட்டைத் தோண்டுகிறார்கள். ரோமனின் ஆடி 2.4 மீட்டர் என்பதால் அதற்குப் பூமிகள் எட்டா. வியாழன் போன்ற முதிர்ந்த கோள்களின் எதிரொளிப்பைப் பிடிக்க முடிகிறதா என்று சோதிப்பதே நோக்கம்.

இன்னொரு வழி, தடுப்பைத் தொலைநோக்கிக்கு வெளியே வைப்பது. லைமன் ஸ்பிட்சர் 1962-இலேயே எழுதிய யோசனை இது. சில பத்து மீட்டர் அகலமுள்ள திரை ஒன்றைப் பல்லாயிரம் கிலோமீட்டர் முன்னால் பறக்கவிட்டு, அதன் நிழலுக்குள் தொலைநோக்கியை நிறுத்துவார்கள். விண்மீனின் ஒளி தொலைநோக்கிக்குள் நுழையவே நுழையாது. திரையின் வடிவம்தான் விந்தை. வட்டமாகச் செய்தால் வேலைக்கு ஆகாது. 1818-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் ஒளியின் அலைக்கொள்கையை முன்வைத்தபோது பொய்சான் அதை மறுக்க ஒரு வாதம் வைத்தார்: இது உண்மையானால் வட்டத் தட்டின் நிழலின் மையத்தில் ஒரு வெளிச்சப்புள்ளி இருக்க வேண்டுமே என்றார். அரகோ சோதித்துப் பார்க்க, புள்ளி இருந்தது. விளிம்பின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மையத்துக்கு ஒரே தூரம் என்பதால் அலைகள் அங்கே கூடிவிடுகின்றன. அதே புள்ளி தொலைநோக்கியின் முகத்திலேயே விழும். அதைத் தவிர்க்கத்தான் திரையின் ஓரத்தைக் கூரிய இதழ்களாக வெட்டுகிறார்கள். அலைகள் சேராமல் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அடுத்த விண்மீனைப் பார்க்கத் திரை பல்லாயிரம் கிலோமீட்டர் நகர்ந்து, மீட்டர் அளவுத் துல்லியத்தில் மறுபடி நேர்கோட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் எரிபொருளும் நாள்களும் செலவாகும்.

புள்ளியை வைத்து என்ன செய்வது?

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. கண்டமோ கடலோ அதில் தெரியாது. ஆனால் அது கோளின் சொந்த ஒளி. அதை நிறமாலையாகப் பிரிக்கலாம். பீட்டா பிக்டோரிஸ் பி-யின் நிறமாலைக் கோடுகள் அகன்றிருப்பதை 2014-இல் அளந்து, அது விநாடிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்றும், அங்கே ஒரு நாள் என்பது சுமார் எட்டு மணி நேரம் என்றும் கண்டார்கள். எச்.ஆர். 8799-இன் கோள்களில் கரியமில வாயு இருப்பதை வெப் 2025-இல் நேரடியாகக் காட்டியது.

அடுத்த இலக்கு, நாசா திட்டமிட்டுவரும் வாழ்தகு உலகங்கள் தொலைநோக்கி. உயிர் வாழத் தகுதியுள்ளவையாக இருக்கக்கூடிய 25 கோள்களையாவது நேரடியாகப் பார்ப்பது அதன் நோக்கம். ஆக்சிஜன் 0.76 மைக்ரானில் தன் தடத்தைப் பதிக்கும். நடுவட்டைப் போல மூன்று மடங்கு தள்ளியிருக்கும் கோள்தான் கொரோனாகிராஃபில் நன்றாகத் தெரியும் என்று கொண்டால், அந்த அலைநீளத்தில் 2.4 மீட்டர் ஆடிக்கு எல்லை ஏறத்தாழ 0.2 வில்விநாடி, 6 மீட்டர் ஆடிக்கு 0.08. நமக்கு வேண்டியதோ 0.1. ஆடி 6 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று வானியலாளர்கள் வற்புறுத்துவது இந்த எளிய கணக்கால்தான். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒளியைப் பிரித்தெடுக்க, அந்த ஒளியியல் அமைப்பு முழுவதும் படமெடுக்கும் நேரம் முழுக்க ஓர் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசையாமல் நிற்கவும் வேண்டும்.

ஆக்சிஜன் தெரிந்தாலும் அது மட்டுமே உயிருக்குச் சான்றாகாது. நீராவியைப் புற ஊதாக் கதிர்கள் பிளந்தும் ஆக்சிஜன் சேரலாம். மீத்தேன், நீராவி, ஓசோன் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதையாவது சொல்லமுடியும். அவற்றின் தடங்கள் புற ஊதாவிலிருந்து அண்மை அகச்சிவப்பு வரை சிதறிக் கிடக்கின்றன. ஒரு கொரோனாகிராஃபோ ஒரே சமயத்தில் பத்திலிருந்து இருபது சதவீத அலைநீள அகலத்தில்தான் ஆழமான இருட்டைத் தரும். எனவே ஒரே கோளைப் பலமுறை, ஒவ்வொரு முறையும் வேறு அலைநீளத்தில், ஒவ்வொரு முறையும் புதிதாக இருட்டைத் தோண்டிப் பார்த்தாக வேண்டும்.